பிராய்லர் குஞ்சுக்கு மரவள்ளி: எப்போது, எவ்வளவு, எப்படி

மக்காச்சோளம் விலை ஏறும்போதெல்லாம் கோழி வளர்ப்பவர்கள் மத்தியில் மரவள்ளிப் பேச்சு வந்துவிடும். "அதுவும் மாவுச்சத்து, இதுவும் மாவுச்சத்து, கிலோவுக்குக் கிலோ மாற்றிப் போட்டால் என்ன?" என்று கேட்பார்கள். வளர்ந்த கோழிக்கு இதற்குக் கொஞ்சம் தாராளமாகவே பதில் சொல்லலாம். மூன்று வாரத்துக்குட்பட்ட கறிக்கோழிக் குஞ்சுக்கு அப்படிச் சொல்ல முடியாது. சில வருடங்களாகவே மரவள்ளியைத் தீவனத்தில் சேர்த்து வளர்த்து வருகிறேன். கிழங்கு நல்ல சரக்குதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மக்காச்சோளத்தைக் குறைக்கும்போது அதோடு சேர்ந்து சத்தமில்லாமல் குறைந்துபோகும் சில சத்துகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குஞ்சு அடிபடுவது அங்கேதான்.

கிழங்கில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஈரக் கிழங்கில் 60 முதல் 65 சதவீதம் தண்ணீர். காயவைத்தால் மூன்று கிலோ கிழங்குக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வற்றல் தேறும். அந்த வற்றலில் 70 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து. கோழிக்குக் கிலோவுக்கு 3,000 முதல் 3,200 கிலோகலோரி வரை எரிசக்தி கிடைக்கும். மக்காச்சோளத்தில் இது 3,300-க்குச் சற்று மேலே. ஆக, எரிசக்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாரும் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் கிழங்கு வாங்கக் கிளம்புகிறார்கள்.

அடுத்த வரிக்கு வந்தால் கதை மாறுகிறது. மக்காச்சோளத்தில் 8 முதல் 9 சதவீதம் புரதம், வற்றலில் 2 முதல் 3 சதவீதம்தான். அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பங்கு உண்மையான புரதம் கிடையாது, வெறும் நைட்ரஜன் கூட்டுப்பொருள். மக்காச்சோளத்தில் மூன்றரை, நான்கு சதவீதம் எண்ணெய்ச் சத்து இருக்கும். கிழங்கில் ஒரு சதவீதம்கூட இருக்காது. லினோலிக் அமிலம் என்கிற, குஞ்சின் உடம்பால் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத கொழுப்பு, மக்காச்சோளத்தின் எண்ணெய் வழியாகத்தான் பெரும்பாலும் தீவனத்துக்குள் வருகிறது. காலையும் தோலையும் மஞ்சளாக்கும் நிறமியும் அப்படியே. கிழங்கில் இரண்டும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதை வைத்து நான் போடும் கணக்கைச் சொல்கிறேன். 100 கிலோ ஸ்டார்ட்டர் தீவனத்தில் (குஞ்சுப் பருவத்துக்கான முதல் தீவனம்) 10 கிலோ மக்காச்சோளத்தை எடுக்கிறேன் என்று வையுங்கள். அந்தப் 10 கிலோ கொடுத்துக்கொண்டிருந்தது சுமார் 850 கிராம் புரதமும் 33,500 கிலோகலோரியும். இதே அளவைத் திரும்பக் கொண்டுவர 8 கிலோ வற்றல், 1.4 கிலோ சோயா புண்ணாக்கு, 600 கிராம் எண்ணெய் தேவைப்படுகிறது. வற்றலிலிருந்து 200 கிராம் புரதம், சோயாவிலிருந்து 640 கிராம் சொச்சம். எரிசக்தி மூன்றையும் கூட்டினால் 33,000-ஐத் தாண்டிவிடும். அதனால் விலை பார்க்கும்போது ஒரு கிலோ மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிலோ வற்றலை வைத்துப் பார்ப்பது தப்புக் கணக்கு. 10 கிலோ மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் இந்த மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். சோயா விலையும் சேர்ந்து ஏறியிருக்கும் சமயத்தில் இப்படிப் போட்டுப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது மலிவாகவே இருக்காது.

எண்ணெயில் ஒரு நுணுக்கம் உண்டு. சோயா எண்ணெய் போட்டால் அதில் பாதி லினோலிக் அமிலம். 600 கிராமில் 300 கிராம் வந்துவிடும், எடுத்த மக்காச்சோளத்தில் இருந்ததைவிட அதிகம். பாமாயில் போட்டால் பத்தில் ஒரு பங்குதான். எரிசக்திக் கணக்கு சரியாக வந்து லினோலிக் குறைவது இப்படித்தான். பெரிய கோழிக்கு எதைப் போட்டாலும் ஓடிவிடும். குஞ்சுக்குச் சோயா எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோதான் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அப்புறம் மெத்தியோனைன். லைசின் மாதிரியே இதுவும் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. லைசினைப் பற்றிக் கவலை இல்லை, கூடுதலாகச் சேர்க்கும் சோயாவே அதைக் கொடுத்துவிடும். மெத்தியோனைன் அப்படி வராது. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் எப்போதும் முதலில் பற்றாக்குறை ஆவது அதுதான். மேலே சொன்ன மாற்றத்திலேயே 100 கிலோவுக்கு 6, 7 கிராம் குறைந்துவிடுகிறது. அதோடு கிழங்கிலிருந்து வரும் சயனைடு நச்சை முறிக்கவும் குஞ்சின் உடம்பு கந்தகத்தைக் கேட்கும். அந்தக் கந்தகம் மெத்தியோனைன், சிஸ்டைன் இரண்டிலிருந்தும்தான் போக வேண்டும். அதனால் 10 கிலோ மாற்றத்துக்கு, தனியாகச் சேர்க்கும் மெத்தியோனைனான டிஎல்-மெத்தியோனைன் 10 கிராம் அளவுக்குக் கூட்டிப் போடுகிறேன். இதைச் செய்யாமல் கிழங்கு போட்டவர்களின் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறேன். சாவு எதுவும் இருக்காது. ஆனால் இறகு முளைப்பது தாமதமாகி முதுகு வெறிச்சென்று கிடக்கும், எடை ஒரே சீராக வராது, தீவனம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். "கிழங்கு ஒத்துக்கல" என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

சயனைடு என்றதும் பயப்படுபவர்களும் உண்டு, சிரித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். கிழங்குக்குள் லினாமரின் என்ற பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் லினாமரேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கும். கிழங்கை வெட்டினாலோ துருவினாலோ செல் உடைந்து இரண்டும் சேரும், ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். அதன் கொதிநிலை 26 டிகிரிதான் என்பதால் வெயிலில் பறந்துபோய்விடும். ஆக, நமக்கு எதிரி கிளம்பிப் பறந்த சயனைடு இல்லை. உடையாமல் உள்ளேயே தங்கிவிட்ட லினாமரின்தான் எதிரி. குஞ்சின் வயிற்றுக்குள் போனபிறகு அது உடையும்.

இது புரிந்துவிட்டால், காயவைப்பதில் பலர் நினைப்பதற்கு நேர்மாறான ஒரு விஷயமும் புரியும். சீக்கிரமாகக் காய்ந்த வெள்ளை வெளேர் வற்றல்தான் பாதுகாப்பானது என்று பொதுவாக நினைக்கிறார்கள். நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். உலர்த்தியில் 70 டிகிரிக்கு மேல் சூடேற்றிச் சட்டென்று காயவைத்தால் நொதி செத்துவிடும், லினாமரின் அப்படியே நிற்கும். சரக்கு பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். முழுக் கிழங்கை வேகவைத்துக் காயவைப்பதிலும் இதே சிக்கல் உண்டு. மறுபக்கம், தடித்த துண்டாக வெட்டி மெல்லக் காயவிட்டால் சயனைடு இறங்கும், ஆனால் அதற்குள் பூஞ்சணம் வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே எனக்குச் சரியாகப் பட்ட வழி துருவுவதுதான். தோலைச் சீவி, கழுவி, கரடுமுரடாகத் துருவி, ஒரு இரவு மூடிக் குவித்து வைப்பேன். காலையில் லேசாகப் புளித்த வாடை வரும். பிறகு சாக்கில் கட்டிப் பாரம் வைத்து, தண்ணீர் வடிந்ததும் களத்தில் மெல்லிசாகப் பரப்புவேன். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். துண்டாக வெட்டிக் காயவைப்பதைவிட வேலை அதிகம் என்பது உண்மைதான். குஞ்சுத் தீவனத்துக்குத் தேவைப்படும் கொஞ்ச அளவுக்கு மட்டும் இப்படிச் செய்கிறேன், பெரிய கோழிக்குத் துண்டு வற்றலே போதும்.

துருவும் வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிழிந்து வடியும் தண்ணீரில் லினாமரின் கரைந்து இறங்கியிருக்கும். அது ஆடு மாடு கோழி குடிக்கும் இடத்துக்கு ஓடிவிடக் கூடாது. சீவிய தோலும் அப்படித்தான், சதையைவிடத் தோலில் இந்தப் பொருள் அதிகம். தோலோடு காயவைத்த வற்றல் பெரிய கோழிக்கு ஓடும், குஞ்சுக்கு வேண்டாம். பச்சைக் கிழங்கைத் துருவிக் குஞ்சுக்குப் போடுவது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில், கூடாது.

அளவு என்று பார்த்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் தீவன விதியில் முழுத் தீவனத்துக்குப் பொதுவான சயனைடு உச்சவரம்பு கிலோவுக்கு 50 மில்லிகிராம். ஆனால் ஆறு வாரத்துக்குட்பட்ட கோழிக்குஞ்சுத் தீவனத்துக்கு மட்டும் தனியாக 10 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். குஞ்சைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. இந்த 10-ஐ வைத்து நேராகக் கணக்குப் போடலாம். வற்றலில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் இருந்து, தீவனத்தில் 10 சதவீதம் சேர்த்தால் தீவனத்தில் 5 மில்லிகிராம். வற்றலில் 100 இருந்தால் அதே 10 சதவீதத்திலேயே விளிம்புக்கு வந்துவிடுவோம். கசப்பு ரகமா இனிப்பு ரகமா என்பதைவிட இந்த எண்தான் முக்கியம். தீவனம் பரிசோதிக்கும் ஆய்வகங்களில் பார்த்துக்கொள்ளலாம். பிக்ரேட் தாள் சோதனையும் இருக்கிறது. மஞ்சள் தாள் சயனைடு பட்டால் பழுப்பாகும், எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு சயனைடு. வாங்கும் இடம் மாறினால் ஒரு தடவையாவது பார்த்துவிடுவது என் வழக்கம்.

விலைக்கு வாங்கும் வற்றலில் எனக்குச் சயனைடைவிட அதிகத் தொந்தரவு கொடுத்தது மண்ணும் பூஞ்சணமும்தான். மண் தரையில் காயவைத்து, வாரும்போது மண்ணோடு சேர்த்து வாரி மூட்டையாக்கிவிடுவார்கள். எடைக்கும் ஆயிற்று. ஒரு கைப்பிடி வற்றலைப் பொடித்துக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தால் மணல் அடியில் போய்ப் படியும், மேலே மாவு வெள்ளையாகக் கலங்கி நிற்கும். அடியில் விரல் விட்டு நெருடிப் பார்த்தாலே போதும். நெறுநெறுவென்று இருந்தால் அந்த மூட்டையை வாங்குவதில்லை.

துண்டை ஒடித்தால் படக்கென்று உடைந்து, உடைந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்க வேண்டும். வளைந்து நார் இழுத்தால் ஈரம் இருக்கிறது. உள்ளே நீலமும் கருப்புமாகக் கோடு ஓடியிருந்தால், கிழங்கைப் பறித்து இரண்டு மூன்று நாள் போட்டுவைத்துவிட்டு, நரம்பு கறுத்தபிறகு வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவே விஷம் இல்லை, ஆனால் அப்படிச் சுணங்கிய கிழங்கைக் காயவைப்பதிலும் சுணங்கியிருப்பார்கள். பச்சையோ சாம்பல் நிறமோ கலந்த புள்ளி, அதோடு ஒரு மக்கிய வாடை என்றால் பேச்சே வேண்டாம். பூஞ்சணம் விட்டுப்போகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு மறுபடி வெயிலில் போட்டாலும் போகாது, வறுத்து அரைத்தாலும் முழுசாகப் போகாது. குஞ்சின் கல்லீரல் அதைத் தாங்காது. பெரிய கோழியில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் அளவுகூடக் குஞ்சில் தெரிந்துவிடும்.

ஈரம் 12, 13 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு பழைய உபாயம்: நன்றாகக் காய்ந்த பாட்டிலில், வறுத்து ஆறவைத்த உப்பையும் சிறிதாக உடைத்த வற்றலையும் போட்டு மூடிக் குலுக்குங்கள். கொஞ்ச நேரம் கழித்து உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் அதிகம். துல்லியமான எண் கிடைக்காது, வாங்கலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாவு எடுக்கும் ஆலையிலிருந்து வரும் திப்பியைச் சிலர் "மரவள்ளித் தீவனம்" என்ற பெயரிலேயே விற்கிறார்கள். மாவை எடுத்த பிறகு மிஞ்சும் நார் அது. மாட்டுக்கு நல்ல பொருள். குஞ்சுத் தீவனத்தில் அதற்கு இடமில்லை. அதே மாதிரி இலைத்தூள். புரதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதே என்று ஆசை வரும். நாரும் அதிகம், லினாமரின் கிழங்கைவிட இலையில் அதிகம். குஞ்சுக்கு அதையும் ஒதுக்கிவிட்டேன்.

சரி, நல்ல வற்றல் கிடைத்துவிட்டது, கணக்கும் போட்டாயிற்று. இனி அரைப்பது. மரவள்ளியின் குணம், கொஞ்சம் கூட அரைத்தாலும் பவுடராகிவிடும். மக்காச்சோளம் அரைத்தால் கரகரவென்று குருணை கிடைக்கும், கிழங்கு அப்படி நிற்காது. முதல் தடவை கிழங்கு மாவு கலந்த தீவனத்தைத் தட்டில் போட்டபோது குஞ்சுகளின் அலகைத்தான் கவனித்தேன். கொத்திவிட்டுத் தண்ணீருக்கு ஓடும், திரும்பி வந்து கொத்தும், மறுபடி தண்ணீர். ஈர அலகில் மாவு ஒட்டிக் காய்ந்து, மேல் அலகின் ஓரத்திலும் நாசித் துளையைச் சுற்றியும் வெள்ளைப் பசையாக நின்றுவிடுகிறது. சில குஞ்சுகள் கொத்துவதை விட்டுவிட்டு அலகைத் தரையில் பரப்பிய படுக்கையில் (லிட்டர்) தேய்த்துக்கொண்டிருந்தன. ட்ரிங்கர் தண்ணீர் அரை மணி நேரத்தில் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிவிட்டது. அந்தத் தண்ணீர், குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடரின் வெப்பத்தில் சீக்கிரமே புளிக்கும், அதற்குமேல் வயிற்றுப்போக்கு தானாக வரும்.

இதற்கு நான் கண்ட தீர்வுகளில் முதலாவது சல்லடை. மூன்று மில்லிமீட்டர் சல்லடை வைத்து அரைத்து, பிறகு ஒரு மெல்லிய சலிப்பானில் சலித்து, கீழே விழும் பொடியைப் பெரிய கோழித் தீவனத்துக்குத் தள்ளிவிடுகிறேன். குஞ்சுக்குப் போவது மேலே நின்ற குருணை மட்டும். இரண்டாவது, கலக்கும் வரிசை. எண்ணெயைக் கடைசியில் மொத்தத் தீவனத்தின் மேல் தெளிப்பதற்குப் பதில், முதலில் கிழங்குக் குருணையோடு பிசறிவிட்டுப் பிறகு மற்றதைக் கலந்தால் தூசி வெகுவாக அடங்குகிறது. ஒரு கையளவு அள்ளி ஊதிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தீவனத்தை அழுத்திக் கட்டியாக்கி (பெல்லெட்), அதை உடைத்துக் குருணையாக (கிரம்பிள்) ஆக்க வசதி இருந்தால் இந்தப் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்துவிடும். நீராவிச் சூட்டில் மரவள்ளி மாவு இளகி நல்ல பிடிமானம் கொடுக்கும், பெல்லெட் உதிராது. அரைத்துக் கலந்ததை அப்படியே தூளாகப் போடும் மேஷ் தீவனம் மட்டுமே கொடுக்க முடியும் என்றால் கிழங்கின் அளவைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. தூளான கிழங்கு எடைக்கு அதிக இடம் பிடிக்கும். குஞ்சின் தீனிப்பை நிறைந்துவிடும், உள்ளே போன சத்து நிறைந்திருக்காது.

தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பதை யாரும் விட்டுவிடக் கூடாது. குஞ்சு வந்து இறங்கிய மறுநாள் அங்குமிங்குமாகச் சில குஞ்சுகளைப் பிடித்துக் கழுத்தடியில் விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். நிறைந்து, மென்மையாக இருந்தால் தின்றும் இருக்கிறது, குடித்தும் இருக்கிறது. கெட்டியாக இருந்தால் தின்றது, குடிக்கவில்லை. ஊதிய பலூனாகத் தண்ணீர் மட்டும் இருந்தால் குடித்தது, தின்னவில்லை. கிழங்கு சேர்த்த பிறகு நான்காவதாக ஒரு நிலை வரும். பிசைந்த மாவு உருண்டையாகப் பிசுபிசுவென்று, அழுத்தினால் குழிந்து அப்படியே நிற்கும். அடுத்த வேளைவரை காலியாகாமல் கிடக்கும். அதைத் தொட்டால் உடனே கிழங்கைப் பாதியாகக் குறைத்துவிடுவேன்.

வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் ஏழு நாளில் என் குஞ்சுகளுக்கு மரவள்ளி கிடையாது. 42 கிராம் குஞ்சு ஒரு வாரத்தில் நான்கு மடங்கைத் தாண்ட வேண்டும். அந்த வாரத்தில் விட்டதைப் பின்னால் பிடிப்பது கடினம். கணையத்திலிருந்து வரும் நொதிகளும் அப்போதுதான் ஏறத் தொடங்குகின்றன. அந்த ஏழு நாளில் ஒரு குஞ்சு தின்னும் தீவனம் மொத்தமே 150, 160 கிராம். இதில் போய் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்? எட்டாம் நாளிலிருந்து 5 சதவீதம், இரண்டு வாரம் முடிந்தபின் 10 சதவீதம். கிரம்பிளாக இருந்து வற்றலும் சோதித்ததாக இருந்தால் மட்டும் அதற்கு மேலே யோசிப்பேன். மூன்று வாரத்துக்குப் பிறகு 15, கடைசிக் கட்டத் தீவனமான ஃபினிஷரில் 20 என்று ஏற்றலாம். ஒரு கோழி தன் ஆயுளில் தின்னும் தீவனத்தில் பெரும்பகுதி அந்தக் கடைசி இரண்டு மூன்று வாரங்களில்தான் போகிறது. மிச்சமும் அங்கேதான் கிடைக்கும். அப்படியானால் குஞ்சுக்கு எதற்கு என்று கேட்கலாம். இரண்டாவது வாரத்திலிருந்து கொஞ்சமாகப் பழக்கிய பேட்ச், ஃபினிஷரில் 20 சதவீதம் வரும்போது தயங்காமல் தின்கிறது. பழக்காமல் திடீரென்று மாற்றியபோது ஓரிரு நாள் தீவனம் எடுப்பது குறைந்துவிடுகிறது, கறிக்கோழியில் ஒரு நாள் தீனி குறைந்தால் அது எடையில் அப்படியே தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மாறும்போது மூன்று நாள் பழையதும் புதியதும் கலந்துதான் போடுகிறேன்.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், என்னுடையதையும் சேர்த்துத்தான். கொட்டகைக்குள் தடுப்பு வைத்து, ஒரே பொரிப்பில் வந்த குஞ்சுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை, ஒரே அடர்த்தி, புரூடருக்கு ஒரே தூரம். ஒரு பக்கம் உங்கள் வழக்கமான தீவனம், மறு பக்கம் மரவள்ளி சேர்த்தது. தட்டில் போட்டதையும் மிஞ்சியதையும் எடை போட்டு எழுதுங்கள். 7, 14, 21 நாள்களில் குஞ்சுகளை மொத்தமாகக் கூடையில் போட்டு நிறுக்காமல் தனித்தனியாக நிறுங்கள். மரவள்ளித் தீவனம் சரியில்லை என்றால் சராசரி எடைக்கு முன்னால் சீர்மைதான் கெடும். கொழுத்த குஞ்சு கொழுத்துக்கொண்டே போகும், சின்னது சின்னதாகவே நிற்கும். கூடை எடையில் இது மறைந்துவிடும். என் கொட்டகையில் 10 சதவீதம்வரை இரண்டு பக்கத்துக்கும் தராசில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. மேஷ் தீவனத்தில் அதைத் தாண்டியபோது மூன்றாம் வாரத்தில் பின்தங்கல் தெரிந்தது, கிரம்பிளில் தெரியவில்லை.

லிட்டரையும் பாருங்கள். மரவள்ளியில் பொட்டாசியம் மக்காச்சோளத்தைவிட அதிகம், கூடுதலாகப் போடும் சோயாவிலும் அதிகம். குஞ்சு கொஞ்சம் கூடத் தண்ணீர் குடிக்கும், எச்சம் இளகும். நோய் என்று நினைத்து மருந்துப் பக்கம் ஓடுவதற்கு முன்னால் தீவனத்தில் உப்பு எவ்வளவு என்று ஒரு தடவை பாருங்கள். நான் செய்வது லிட்டரை அடிக்கடி கிளறிவிடுவது மட்டும்தான், அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின், தாது உப்புக் கலவையான பிரிமிக்ஸில் அயோடினும் இருக்கிறதா என்று உறையில் படித்துக்கொள்ளுங்கள். சயனைடு முறியும்போது உண்டாகும் தயோசயனேட், தைராய்டு சுரப்பி அயோடின் எடுப்பதைத் தடுக்கும்.

கால் வெளுப்பதைப் பற்றி வாங்குகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நோயில்லை, நிறமி இல்லை, அவ்வளவுதான். மஞ்சள் கால்தான் வேண்டும் என்று கேட்கும் இடத்தில் விற்பவர்கள் ஃபினிஷரில் துலுக்கச் சாமந்திப் பூத்தூள் சேர்க்கிறார்கள். குஞ்சுப் பருவத்தில் இதற்குச் செலவழிப்பது வீண்.

இது ஏதோ பஞ்ச காலத்து ஒட்டுவேலை என்று நினைக்க வேண்டாம். 1970, 80-களில் தாய்லாந்து மலைமலையாக மரவள்ளி வற்றலையும் பெல்லெட்டையும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தது, அத்தனையும் கால்நடைத் தீவனத்துக்குத்தான். ஐரோப்பாவில் தானியத்துக்கு வேலி கட்டி விலையை உயரத்தில் வைத்திருந்தார்கள், மரவள்ளிக்கு வரி குறைவு. அங்கேயும் மரவள்ளியோடு சோயாவைச் சேர்த்துத்தான் தானியத்துக்கு ஈடு செய்தார்கள். அதில் பெரும்பங்கு தின்றது பன்றி. கோழிக்குஞ்சு இல்லை.

சேமிப்பதில் கடைசியாக ஒன்று. வற்றலைத் துண்டாகவே வையுங்கள், அரைத்து வைக்காதீர்கள். அரைத்த மாவு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் கட்டி கட்டும். துண்டிலும் வண்டு விழும். மூட்டைக்கு அடியில் மாவுத் தூசி கொட்டியிருந்தால் துளைக்க ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பலகை மேல் அடுக்கி, பழைய மூட்டையை முதலில் எடுத்து, ஒரு பேட்ச் ஓடும் அளவுக்கு மட்டும் வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. வண்டு துளைத்த மூட்டை இருந்தால் வெயிலில் போட்டுச் சலித்து, பூஞ்சணமும் வாடையும் இல்லாவிட்டால் ஃபினிஷரில் தீர்த்துவிடுகிறேன். ஸ்டார்ட்டர் கலக்கும் நாளில் புது மூட்டைதான் பிரிப்பேன்.